அடிவயித்து ஆயில்

போன மே மாசம் மண்டபம் கரையில மாமா படகுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தப்ப அக்கா மகன் போன் பண்ணினான். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, அதனால கரை பூரா தச்சு வேலையும் பெயிண்டு வாசமுமாக் கெடக்கும், மாமா அவுக படகு எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு வேலை பாத்துக்கிட்டு இருந்தாக. மருமகன் வெளியூர்ல ஒரு ஃப்ளையிங் ஸ்கூல் ஹேங்கர்ல, அதான் விமானத்தை நிறுத்தி வேலை பாக்குற கொட்டகையில, ஹெல்ப்பரா சேந்து மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. எடுத்த எடுப்புலயே, "மாமா, எஞ்சின் வேலை கத்துக்கலாம்னு வந்தேன், மூணு வாரமா பிளேனுக்கு அடியில மல்லாக்கப் படுத்து ஆயில் தொடைச்சுக்கிட்டே இருக்கேன், இதுக்கு ராமநாதபுரத்துலயே ஏதாவது லாரி ஷெட்டுல சேந்திருக்கலாம்"னு அழாத குறையாச் சொன்னான்.

எனக்கு அவன் மேல கோவமே வரல, ஏன்னா நானும் ஆரம்பத்துல இதையேதான் சொல்லிப் பொலம்பினேன். இருபது வருஷத்துக்கு மேல சின்ன விமானங்களோட ஹேங்கர்ல வேலை பாத்துட்டு இப்ப ஊருக்கு வந்து உக்காந்திருக்கேன், முதல் ஒன்றரை வருஷம் என் வேலை முக்காவாசி அதுதான். விமானத்தோட அடிவயித்தை ஹேங்கர்ல பெல்லின்னு சொல்லுவோம், பெல்லி கிளீனிங். போன்ல அவன்கிட்ட சொன்னதும், சொல்ல வாய்க்காம விட்டதும் நெறைய இருக்கு, அவன மாதிரி இன்னும் எத்தனை பசங்க அடியில படுத்துக்கிட்டு மனசு வெறுத்துக் கெடக்குறாங்களோ, அதனால எல்லாத்தையும் எழுதிடலாம்னு தோணுச்சு.

நான் வளந்தது உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல. உச்சிப்புளியில கடற்படையோட விமானத்தளம் இருக்கு, 2009ல ஐஎன்எஸ் பருந்துன்னு பேர் வச்சாங்க. பனங்காட்டுக்கு மேல சின்ன விமானம் தாழப் போறப்பல்லாம் ஆடு மேய்க்கிறவங்கள்லேர்ந்து வலை பின்றவங்க வரைக்கும் எல்லாரும் அண்ணாந்து பாப்போம். ஆனா கீழ நிக்கிறவனுக்குத் தெரியுறது வயிறு மட்டும்தான. பைலட்டுக்கோ அந்த வயிறு பறக்குறப்ப தெரியவே தெரியாது, பறக்குறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்குறப்பவும் குனிஞ்சு முழுசாப் பாக்குறவங்க கொறைச்சல். அதை மொத்தமா, ஆணி ஆணியா, ஒரு சாண் தூரத்துல மொகத்தை வச்சுப் பாக்குறது அடியில படுத்துத் தொடைக்கிறவன் ஒருத்தன்தான்.

முதல்ல ஆயில் எங்கேருந்து வருதுன்னு தெரியணும். மருமகன் நெனச்சுக்கிட்டு இருந்தது எஞ்சின் ஒழுகுது, இவங்க சரி பண்ணாம என்னைத் தொடைக்க விடுறாங்கன்னு. அப்படி இல்ல. பிஸ்டன் எவ்வளவு நல்லா இருந்தாலும் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் புகை கீழ ஆயில் இருக்குற கிராங்க் கேஸுக்குள்ள எறங்கத்தான் செய்யும், அந்த அழுத்தம் வெளிய போகலைன்னா ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளிடும், அதுக்குத்தான் பிரீதர் குழாய். அது எஞ்சின் மேலேருந்து வளைஞ்சு வந்து எஞ்சினைச் சுத்தி இருக்குற மூடிக்குக் கீழ வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். புகையோட ஆயில் பனி மாதிரி கலந்து வரும், தண்ணி ஆவியும் வரும். வெளிய வந்த ஒடனே காத்து அதை வயித்தோட வயிறா அப்பி வாலு வரைக்கும் இழுத்துட்டுப் போயிடும். ரெண்டு ஸ்பூன் ஆயில் போதும், பாக்குறவனுக்கு ரெண்டு லிட்டர் ஊத்தின மாதிரி இருக்கும். மேல ரன்வே தூசி ஒட்டும், பூச்சி ஒட்டும், கருகருன்னு ஆயிடும்.

மாமாகிட்ட இதைச் சொன்னப்ப, "எல்லா எஞ்சினுக்கும் மூச்சுக் குழாய் உண்டுல்ல, நம்ம படகு லேலண்டு எஞ்சினுக்கும்தான் இருக்கு, அது மூச்சு விடுறதை வச்சுத்தான எஞ்சின் செத்துச்சா பொழைச்சுச்சான்னு சொல்றோம்"னாக. சரியான பேச்சு.

அந்தக் குழாய்லயே ஒரு சின்ன விஷயம் இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேல ஏற ஏற குளுரும், குளுர்ல அந்தத் தண்ணி ஆவி குழாய் வாயிலேயே ஐஸாகி அடைச்சுக்கிட்டா அழுத்தம் போக வழியில்லாம மூக்குப் பக்கத்து சீல் பிச்சுக்கிட்டு மொத்த ஆயிலும் வெளிய போயிடும், அதனால மூடிக்கு உள்ளாற சூடா இருக்குற எடத்துலயே குழாய்ல ஒரு பொத்தலோ கீறலோ விட்டிருப்பாங்க. கீழ வாய் அடைச்சாலும் அந்த வழியா மூச்சு விட்டுக்கும். ஒரு பையன் அதைப் பாத்துட்டு குழாய் ஓட்டைன்னு டேப்பைச் சுத்திட்டான், நல்லவேளை அன்னிக்கே கண்ணுல பட்டுச்சு.

எவ்வளவு ஆயில் ஊத்துறோங்கிறதும் வயித்துல தெரியும். சின்ன விமானத்துல வர்ற லைகோமிங் ஓ-320 மாதிரி எஞ்சினுக்கு 8 குவார்ட் கொள்ளளவு, ஒரு குவார்ட்டுன்னா ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 8 வரைக்கும் ரொப்புனா மேல உள்ள ஒரு குவார்ட்டை ரெண்டு மூணு ஃப்ளைட்லயே பிரீதர் வழியா வெளிய தள்ளிடும், அதுக்கப்புறம் ஆறரை ஏழுல வந்து அமைதியா நின்னுக்கும். தெரியாதவங்க திரும்பத் திரும்ப 8க்கு ரொப்புவாங்க, அது திரும்பத் திரும்ப வயித்துல கக்கும், ஆயிலைக் காசு குடுத்து வாங்கி வயித்துல பூசுற கதைதான். எவ்வளவு குடிக்கலாம்னு லைகோமிங்காரன் ஒரு கணக்கே குடுத்திருக்கான், குதிரைத் திறனை 0.006ஆல பெருக்கி 4ஆல பெருக்கி 7.4ஆல வகுக்கணும், 160 குதிரைத் திறனுக்கு மணிக்கு அரை குவார்ட்டுக்குக் கொஞ்சம் மேல வரும். அதுதான் உச்சம், நல்ல எஞ்சின் அதை விட ரொம்பக் கம்மியாத்தான் குடிக்கும். போன வாரத்தை விட இந்த வாரம் வயித்துல கறுப்பு கூடுதுன்னா, அந்தக் கணக்கு எகிறப் போகுதுன்னு மத்த எல்லாருக்கும் முன்னாடி தொடைக்கிறவனுக்குத் தெரிஞ்சிடும்.

இப்ப நான் பண்ணின தப்பைச் சொல்லணும்.

வேலைக்குச் சேந்து ஏழெட்டு மாசம் இருக்கும். ஒரு செஸ்னா 172, நாலு பேர் உக்கார்ற சின்ன விமானம். மறுநாள் யாரோ பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க, எல்லா பிளேனும் பளபளன்னு நிக்கணும்னு ஆபீஸ்லேர்ந்து உத்தரவு. நாலு பிளேன், நான் ஒருத்தன், சாயங்காலம் அஞ்சு மணி. கையில கெடச்ச பனியன் வேஸ்ட்டெல்லாம் கலர் கலரா, செகப்பு பச்சை ஊதான்னு, திருப்பூர்லேர்ந்து மூட்டையில வருமே அது. நான் படுத்து வேகவேகமாத் தேய்க்கிறேன். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் தகட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி, பைலட் காலை வைக்கிற பெடலுக்கு நேர் கீழ, தண்ணி வடியுறதுக்குன்னு தகட்டுல விட்டிருக்குற சின்ன ஓட்டையிலேருந்து ஒரு கோடு பின்னாடி இழுத்துக்கிட்டுப் போயிருந்துச்சு. கறுப்பு ஆயிலுக்கு நடுவுல அது மட்டும் கொஞ்சம் வழுவழுன்னு, கொஞ்சம் வேற மாதிரி. வேற மாதிரின்னு என் விரலுக்குத் தெரிஞ்சுச்சு, அதை இன்னிக்கும் மறுக்க மாட்டேன். ஆனா நான் புடிச்சிருந்த துணியே செகப்பு, அதனால கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, எல்லாம் ஆயில்தான்னு ஒரே இழுப்பு இழுத்துட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். வயிறு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பாராட்டுனாங்க கூட.

ரெண்டாம் நாள் அந்த பிளேன் எறங்கி ஓடுறப்ப இடது பக்கப் பிரேக் பெடல் பஞ்சாட்டம் உள்ள போயிடுச்சு. ரெண்டையும் மிதிச்சா வலது மட்டும் புடிக்கும், அதனால வண்டி வலது பக்கமா இழுத்துக்கிட்டு ரன்வேயை விட்டுப் புல்லுக்குள்ள எறங்கி நின்னுச்சு. உள்ள இருந்தது சொல்லிக் குடுக்குறவர் ஒருத்தர், பத்தொம்பது வயசுப் பொண்ணு ஒண்ணு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. அந்தப் புள்ள எறங்கி நின்னு கையைக் கட்டிக்கிட்டு நடுங்குனது எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது.

பெடலுக்குப் பின்னாடி இருக்குற மாஸ்டர் சிலிண்டர் ஒழுகியிருக்கு. அதுல இருக்குறது 5606ன்னு சொல்ற ஹைட்ராலிக் ஆயில், நல்ல செகப்பா இருக்கும், ரோஸ் மில்க்கை விட அழுத்தமான செகப்பு. அது தரைத்தகட்டுக்கு அடியில சொட்டி, வயித்துல தேங்கி, ஓட்டை வழியா வெளிய கசிஞ்சு கோடாப் போயிருக்கு. பல நாளா அது சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, நான் அழிச்சிட்டேன்.

எங்க ஃபோர்மேன் ஏர்ஃபோர்ஸ்லேர்ந்து ரிட்டயர் ஆகி வந்த பெரியவர், அவர் என்னை ஒரு வார்த்தை திட்டல. வேஸ்ட் டிரம்மைக் கவுத்துப் போட்டு, நான் தொடைச்ச துணி ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்து, அந்தத் துணியைக் கண்டுபிடிச்சு என் கையில குடுத்து, "விரலால தேச்சுப் பாரு"ன்னார். எஞ்சின் ஆயில் கொழகொழன்னு இருக்கும், இது தண்ணியாட்டம் நழுவும், வாசமும் வேற. தெரிஞ்சுதுன்னு சொன்னேன். "அன்னிக்கும் தெரிஞ்சிருக்கும்ல"ன்னார். நான் பதில் சொல்லல. மறுநாள்லேர்ந்து ஹேங்கர்ல ஒரு பழக்கம் வந்துச்சு, பெல்லிக்கு முதல் துணி வெள்ளைத் துணி. தொடைக்கிற மருந்து எதுவும் போடாம வெள்ளை பனியன் துணியை மட்டும் அங்கங்க ஒத்தி எடுக்கணும், எந்த எடத்துல ஒத்துனமோ அதைத் துணியிலயே மார்க்கர்ல எழுதணும், இன்ஜினியர் பாத்தப்புறம்தான் வாளியைத் தொடணும். நான் அங்க இருந்த வரைக்கும் அதை விடல.

மருமகன்கிட்ட நான் முதல்ல சொன்னது இதுதான். கலர் துணியைத் தூக்கிப் போடு, வெள்ளை கேளு, தரலைன்னா உன் பழைய பனியனைக் கிழி.

வெள்ளைத் துணியில என்ன தெரியும்னா, பழுப்பும் கறுப்பும் எஞ்சின் ஆயில். அதுலயும் பிரீதர்லேர்ந்து விசிறி மாதிரி அகலமா பரவியிருந்தா அது சாதாரணம், கத்தி கீறுன மாதிரி ஒத்தைக் கோடா எங்கேருந்தோ ஆரம்பிச்சு வந்தா அது கசிவு, கோட்டோட தலை எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே முன்னாடி போகணும், ராக்கர் கவர் கேஸ்கெட்டா, புஷ்ராடு டியூப் சீலா, ஆயில் ஃபில்டர் உக்கார்ற எடமா, டிரெயின் வால்வானு. செகப்பு சொன்னேனே, பிரேக், இல்லன்னா முன் சக்கரத்து ஷாக் கால். நீலம் வந்தா அது பெட்ரோல், 100எல்எல்ங்கிற அவ்காஸுக்கு நீலச் சாயம் போட்டிருப்பாங்க, பெட்ரோல் ஆவியாப் பறந்துடும், சாயம் மட்டும் தகட்டுல காய்ஞ்சு நிக்கும். சாம்பலும் வெள்ளையுமா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிருந்தா அது சைலன்ஸர் புகை. அந்தப் பெட்ரோல்ல ஈயம் கலந்திருக்கு, லிட்டருக்கு 0.56 கிராம் வரைக்கும் இருக்கலாம், எரிஞ்சதும் அது இப்படி வந்து வயித்துல படியும். அதனால கையுறை இல்லாம இந்த வேலையைச் செய்யவே கூடாது, நைட்ரைல் கையுறை போட்டுக்கணும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கணும், மல்லாக்கப் படுத்திருக்குறப்ப சொட்டுறதெல்லாம் நேரா கண்ணுலதான் விழும். ஓடின எஞ்சின் ஆயிலே தோலுக்கு ஆகாது, அது வருஷக்கணக்குல ஊறுனா புத்துநோய் வரைக்கும் கொண்டு விடும். நாங்கல்லாம் அந்தக் காலத்துல வெறுங்கையோட தொடைச்சு அதே கையோட டீ கிளாஸைப் புடிச்சோம். அது வீரம் இல்ல, யாரும் எங்களுக்குச் சொல்லல.

படுக்குறதுக்கு முன்னாடி சாவி வெளிய இருக்கணும், எஞ்சின் ஆறியிருக்கணும், சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கணும். புரொப்பல்லரைத் தொடைக்கிறேன்னு கையால சுத்தவே கூடாது. எஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்குற மேக்னெட்டோவை எர்த் பண்ற வயர் ஒண்ணு உள்ள அறுந்திருந்தா, சாவி உன் பாக்கெட்ல இருந்தாலும் அது உயிரோடதான் இருக்கும், ஒரு தட்டு தட்டுனா பத்திக்கும்.

தொடைக்கிற மருந்து பத்தி ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒழுங்கா வேலை செய்யுறது மினரல் டர்பன்டைன், இல்லன்னா மண்ணெண்ணெய், அதுக்கு மேல விமானத்துக்குன்னே விக்கிற சோப்புத் தண்ணி. தின்னர் பெயிண்டைத் தின்னுடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், மூடின ஹேங்கர்ல படுத்துக்கிட்டுப் பெட்ரோல் துணியால தேய்க்கிறது நெருப்போட வெளையாடுறது. காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் எதுவா இருந்தாலும் கிட்டயே விடக் கூடாது, இரும்பு எஞ்சின் பிளாக்கை அதுல கழுவுறதைப் பாத்துட்டு ஒருத்தன் இங்கயும் கொண்டு வந்தான், அலுமினியத்தை அது கரைச்சே தின்னும், அலுமினியப் பாத்திரத்துல கொஞ்சம் ஊத்திப் பாத்தா பொங்குறது தெரியும். முன் கண்ணாடி அக்ரிலிக், அதுக்கு வெறும் தண்ணியும் மெல்லுசான சோப்பும்தான், டர்பன்டைன் கையோட அதைத் தொட்டா மாவு மாவா வெடிச்சுப் போகும்.

முன்னாடிலேர்ந்து பின்னாடி தொடைக்கணும். தகட்டுக்கு மேல தகடு வச்சு ஆணி அடிச்சிருக்கும்ல, அந்த விளிம்பெல்லாம் பின்னாடி பாத்து இருக்கும், ஓட்டு வீட்டுல மேல் ஓடு கீழ் ஓட்டு மேல படிஞ்சிருக்குற மாதிரி. பின்னாடிலேர்ந்து முன்னாடி தேய்ச்சா மருந்தும் அழுக்கும் அந்த மடிப்புக்குள்ள போய் உக்காந்துக்கும், அங்கேருந்துதான் அரிக்க ஆரம்பிக்கும். இதே காரணத்துக்காகத்தான் பிரஷர் வாஷ் வேண்டாங்குறது, அந்த அடி தண்ணிய மடிப்புக்குள்ளயும் சக்கரத்து பேரிங்குக்குள்ளயும் ஏத்திடும்.

வடிகால் ஓட்டை ஒவ்வொண்ணையும் குத்தி விடணும். ஆயிலும் மண்ணும் சேந்து களிம்பு மாதிரி அடைச்சிருக்கும், உள்ள தண்ணி தேங்கி எவனுக்கும் தெரியாம உளுத்துப் போகும். கம்பியால குத்தினா தகட்டுல கீறல் விழும், நான் ஊர்லேர்ந்து பனை ஈர்க்கு ஒரு கட்டு கொண்டு போய் வச்சிருந்தேன், வளையும் ஆனா ஒடையாது, அதுக்கு அதை விட்டா வேற சாமான் இல்ல.

அப்புறம் தண்ணி. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இதை வெளக்கவே தேவையில்ல. கடலோரத்துல நிக்கிற விமானத்தை நல்ல தண்ணியால அலசணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கும், நான் இருந்த ஊரும் கடலோரம்தான், அங்க போர் தண்ணியப் புடிச்சு அலசிக்கிட்டு இருந்தாங்க. காய்ஞ்சதும் ஆணியைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம். சோப்பு சரியாப் போகலைன்னு இன்னும் கொஞ்சம் ஊத்துவாங்க, இன்னும் வெள்ளை. நான் ஒரு நாள் ஓஸ் வாயில விரலை வச்சு நாக்குல தடவிப் பாத்தேன், உப்பு. எங்க அம்மா மணல்ல ஊத்துத் தோண்டி, சிரட்டையில மோந்து, நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்துட்டுத்தான் குடத்துல ஊத்தும், நாலு அடி தள்ளித் தோண்டுனா உவரு, இங்கிட்டுத் தோண்டுனா இனிப்பு, அது தெரியாம எங்க ஊர்ல யாரும் வளர முடியாது. உப்பை அலச உப்புத் தண்ணியவே ஊத்தியிருக்கோம்னு சொன்னப்ப இன்ஜினியர் முதல்ல நம்பல, டெஸ்ட் பண்ணிப் பாத்தப்புறம் லாரித் தண்ணி வாங்க ஆரம்பிச்சாங்க. காரைக்குடி செக்ரிகாரங்க, அதான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, மண்டபத்துல வந்து துரு ஆராய்ச்சிக்கு எடம் போட்டிருக்காங்கன்னா சும்மாவா, எங்க காத்து அப்படி. வாடைக் காத்தும் கச்சான் காத்தும் மாறி மாறி ரெண்டு கடலோட உப்பையும் கொண்டு வந்து பூசும். 1914லேர்ந்து பாம்பன் பாலத்துக்கு பெயிண்ட் அடிச்ச கையெல்லாம் எத்தனை இருக்கும்னு நெனச்சுப் பாத்திருக்கேன்.

டேப் பத்தி எழுதாம இதை முடிக்க மாட்டேன். விமானத்தோட பக்கவாட்டுல சின்னதா ஊசித் துளை மாதிரி இருக்கும், ஸ்டேட்டிக் போர்ட், உயரம் எவ்வளவு வேகம் எவ்வளவுன்னு காட்டுற மீட்டருக்கெல்லாம் அந்தத் துளை வழியாத்தான் வெளிக்காத்து போகுது. கழுவுறப்ப தண்ணி புகாம இருக்க அதை மூடணும், கழுவினப்புறம் எடுக்கணும், அவ்வளவுதான் வேலை. 1996 அக்டோபர் 2ஆம் தேதி ராத்திரி பெரு நாட்டுல லிமாலேர்ந்து கெளம்பின ஏரோபெரு 603, போயிங் 757, பெரிய ஜெட். அதைக் கழுவி பாலிஷ் போட்டவங்க வயித்துப் பக்கம் இருந்த அந்தத் துளைங்களை டேப் ஒட்டி மூடியிருந்தாங்க, எடுக்க மறந்துட்டாங்க. டேப்பும் தகட்டு நெறத்துலயே இருந்துச்சு, புறப்படுறதுக்கு முன்னாடி சுத்திப் பாத்தவங்க கண்ணுலயும் படல. இருட்டுல, கடலுக்கு மேல, உயர மீட்டரும் வேக மீட்டரும் பொய் சொல்ல, எவ்வளவு உயரத்துல இருக்கோம்னே தெரியாம பைலட்டுங்க அரை மணி நேரம் போராடி கடல்ல விழுந்தாங்க. 70 பேர். எழுபது பேரும் போயிட்டாங்க.

அந்த டேப்பை ஒட்டுனவனும் ஒரு ஹெல்ப்பரோ டெக்னீஷியனோதான, என்னை மாதிரி, என் மருமகன் மாதிரி. அதை முதன்முதலா கேட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதுக்கப்புறம் நான் வெள்ளி டேப்போ, ஒட்டுனா தெரியாத டேப்போ எடுக்கவே மாட்டேன், ஆரஞ்சு கலர்ல, ஒரு முழ நீளத்துக்கு வால் தொங்க விட்டு ஒட்டுவேன், எத்தனை ஒட்டுனேன்னு கையில பேனாவால எழுதிக்குவேன், எடுத்ததை எல்லாம் ஒரு எடத்துல ஒட்டி வச்சு எண்ணுவேன். எண்ணிக்கை சரியா வரலைன்னா வீட்டுக்குப் போறதில்ல. மருமகன்கிட்ட இதைச் சொன்னப்ப அவன் போன்ல மூச்சே காட்டல, லைன் கட் ஆயிடுச்சோன்னு நெனச்சேன், அப்புறம் மெதுவா "எங்க ஹேங்கர்ல வெள்ளை டேப்தான் மாமா இருக்கு"ன்னான். பிளேன் என்ன கலருன்னு கேட்டேன். வெள்ளைன்னான். அன்னிக்கு சாயங்காலமே அவன் காசுல ஆரஞ்சு டேப் வாங்கிட்டான்.

தொடைச்சு முடிச்சப்புறம்தான் இன்னொரு பார்வை. சுத்தமான வயித்துல தெரியுறது அழுக்கு வயித்துல தெரியாது. தலை தளந்து போன ஆணி ஒண்ணு இருந்தா, அது பறக்குறப்ப தகட்டோட உரசி உரசிப் பொடியாகி, ஆணிக்குப் பின்னாடி மட்டும் கறுப்பா ஒரு வால் விட்டிருக்கும், புகை விடுதுன்னு சொல்லுவோம். ஆயில் பூசியிருந்தப்ப அதுவும் ஒரு கறைதான். தொடைச்ச மூணாம் நாள் அந்த ஒரு ஆணிக்குப் பின்னாடி மட்டும் மறுபடி வால் வந்தா, அப்ப அது ஆயில் இல்ல. வயித்துல நீட்டிக்கிட்டு இருக்குற டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா சின்ன குச்சி மாதிரிதான் இருக்கும், அதுல ஆயில் களிம்பு ஏறினா கண்ட்ரோல் டவர்காரங்களுக்கு விமானம் ஒழுங்காத் தெரியாமப் போகலாம், அதையும் மெதுவாத் தொடைச்சு அடியில விரிசல் இருக்கான்னு பாக்கணும். டர்பன்டைன் பட்ட எடத்துல கிரீஸும் சேந்து போயிருக்கும், முன் சக்கரத்து மூட்டுல புதுசா கிரீஸ் வைக்கணும். கசிவு எங்கேன்னு தெரியலைன்னா எஞ்சினை நல்லாத் தொடைச்சுக் காய வச்சு பவுடரைத் தூவிட்டு அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்திப் பாத்தா, வெள்ளையில எங்க நனைஞ்சிருக்கோ அதுதான் எடம்.

நான் போன்ல இம்புட்டும் பேசுறதை மாமா கையில ஸ்பானரோட கேட்டுக்கிட்டே இருந்தாக. வச்சப்புறம், "இதத்தானடா நான் முப்பது வருஷமா பயலுககிட்ட சொல்றேன்"னாக. படகு அடியில தேங்குற தண்ணிய எறைக்கிறதுக்கு முன்னாடி மாமா ஒரு தடவை விரலை விட்டு எடுத்துப் பாப்பாக, டீசல் மெதக்குதா, ஆயில் மெதக்குதா, வெறும் கடல் தண்ணியா, எம்புட்டு. சாஃப்ட் போற எடத்துல பேக்கிங் போயிருந்தா தண்ணி கூடும், பைப் விட்டிருந்தா டீசல் கூடும். இப்ப உள்ள பயலுக ஏறுன ஒடனே பம்பைப் போட்டு எறைச்சுத் தள்ளிட்டு "சுத்தமாயிருச்சு"ங்கிறாங்களாம். "என்னத்தச் சுத்தமாயிருச்சு, நடுக்கடல்ல போயி நின்னாத்தான் தெரியும்"னு சொல்லிட்டு மாமா திரும்ப எஞ்சினுக்குள்ள தலைய விட்டுட்டாக.

ஆடி மாசம், கச்சான் காத்து மண்ணை அள்ளி வீசிக்கிட்டு இருந்த ஒரு மத்தியானம் மருமகன்கிட்டேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. வெள்ளை பனியன் துணி, நாலு எடத்துல ஒத்தியிருக்கான், ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் மார்க்கர்ல எடம் எழுதியிருக்கான், கையெழுத்து எங்க அக்கா கையெழுத்து மாதிரியே இருந்துச்சு. மூணு கறை பழுப்பு. நாலாவது, மூக்குக்குக் கீழ பெட்ரோல் வடிகட்டுற ஸ்ட்ரெய்னருக்குப் பின்னாடின்னு போட்டிருந்தது, லேசா நீலம். நான் ஒடனே கூப்பிட்டேன். எடுத்தவன் நான் கேக்குறதுக்கு முன்னாடியே, "தொடைக்கல மாமா, அப்படியே விட்டு வச்சிருக்கேன், சாவியை இன்ஜினியர் கையில குடுத்துட்டேன், அவரு டார்ச் எடுத்துட்டு வந்துக்கிட்டு இருக்காரு"ன்னான்.